‘ரண்டு’ என்று எழுதப்பட்ட கழுத்து நெரிப்பு

கொட்டாஞ்சேனையில் எங்கள் வீட்டுக்கு இரண்டு ஒழுங்கை தள்ளி இருக்கிற ஓர் அக்கா, ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியக்காலையில் என்னைக் கூப்பிட்டார். பொலிஸுக்குப் போக வேண்டும், சிங்களம் தெரிந்த யாராவது கூட வந்தால் நல்லது என்றார். கழுத்தில் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. குரல் மட்டும் கம்மிப்போயிருந்தது, எச்சில் விழுங்கும்போதெல்லாம் முகம் சுருங்கியது. பொலிஸ் நிலையத்தில் அவர் தமிழில் சொல்ல, நான் சிங்களத்தில் சொல்ல, உத்தியோகத்தர் எழுதிக்கொண்டே போனார். முடிந்ததும் கையெழுத்துக்காகப் புத்தகத்தை எங்கள் பக்கம் திருப்பினார். “நான் சொன்னது எல்லாம் இதுல இருக்கா தங்கச்சி?” என்று அக்கா கேட்டதால்தான் நான் ஒழுங்காக வாசித்துப் பார்த்தேன். கணவன் மனைவிக்கு இடையில் ‘ரண்டுவ’ ஏற்பட்டதாக எழுதியிருந்தது. சிங்களத்தில் ‘ரண்டு’ என்றால் சண்டை. கழுத்தை நெரித்தது அதில் இல்லவே இல்லை.

இலங்கையில் பெண்களுக்கு எதிரான வன்முறை பற்றிய சட்டங்களைப் பேசும்போது நாங்கள் வழக்கமாகச் சட்டப் புத்தகத்திலிருந்து தொடங்குவோம். நான் அந்த ஒரு சொல்லிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அதற்குப் பிறகு நடக்கிற எல்லாவற்றையும் அதுதான் தீர்மானிக்கிறது.

தண்டனைச் சட்டக்கோவையில் காயம் இரண்டு வகை: சாதாரண காயம், கடுங்காயம். எலும்போ பல்லோ முறிந்தால், கண் பார்வை போனால், உயிருக்கே ஆபத்து வந்தால் அது கடுங்காயம். கழுத்து நெரிப்பில் பெரும்பாலும் எலும்பு முறியாது, பல தடவை வெளியே தழும்புகூடத் தெரியாது. ஆனால் ஒரு தடவை கழுத்தில் கை வைத்தவன் பிறகு கொல்லும் அபாயம் பல மடங்கு கூடுகிறது என்று பல நாடுகளில் செய்த ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. எங்கள் சட்டத்தில் அதற்கென்று தனிக் குற்றம் கிடையாது. உயிருக்கு ஆபத்தான காயம் என்று அதைக் காட்ட வேண்டுமானால் சட்ட வைத்திய அதிகாரி பார்த்து எழுத வேண்டும். அவரிடம் அனுப்பப் பொலிஸ் படிவம் கொடுக்க வேண்டும். படிவம் கொடுக்க, முறைப்பாட்டில் ‘நெரித்தான்’ என்ற சொல் இருக்க வேண்டும். ‘ரண்டு’ என்று எழுதிவிட்டால் யார் எந்த வைத்தியரிடம் எதற்காக அனுப்பப் போகிறார்கள்?

அதோடு முடியாது. 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்க மத்தியஸ்த சபைகள் சட்டத்தின்படி, சாதாரண காயம் விளைவித்தல் போன்ற சிறு குற்றங்கள் நீதிமன்றத்துக்குப் போக முன்னர் மத்தியஸ்த சபைக்குப் போக வேண்டும். வேலித் தகராறு, கைமாற்றுக் கடன் போன்றவற்றை ஊரோடு பேசித் தீர்க்க நல்ல ஏற்பாடுதான் அது, குறை சொல்வதற்கில்லை. ஆனால் அடித்தவனையும் அடி வாங்கியவளையும் பக்கத்துப் பக்கத்துக் கதிரையில் உட்கார வைத்து, ஊரில் மதிப்புள்ள பெரியவர்கள் மூன்று பேர் “விட்டுக் கொடுத்துப் போங்கள்” என்று சொல்வது மத்தியஸ்தம் இல்லை. இரண்டு பக்கமும் ஒரே எடையில் நின்றால்தான் நடுவில் ஒருவர் நிற்க முடியும். வீட்டுக்குத் திரும்பிப் போனால் என்ன நடக்கும் என்று தெரிந்த ஒருத்தி அங்கே வாய் திறந்து என்ன சொல்வாள்?

இவ்வளவுக்கும் மாற்றுவழி ஒன்று சட்டத்தில் இருக்கிறது, இருபது வருடத்துக்கு மேலாக இருக்கிறது. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம். அதன் கதையையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1994இல் பெண்களுக்கு எதிரான வன்முறை பற்றிய ஐக்கிய நாடுகளின் முதலாவது விசேட அறிக்கையாளராக நியமிக்கப்பட்டவர் ராதிகா குமாரசுவாமி. எங்கள் நாட்டவர், தமிழ்ப் பெண். 1996இல் அவர் கொடுத்த அறிக்கையோடு, நாடுகள் குடும்ப வன்முறைக்கு எப்படிச் சட்டம் எழுத வேண்டும் என்பதற்கான ஒரு மாதிரிச் சட்டகமும் போனது. உலகத்துக்கே மாதிரி எழுதிக் கொடுத்தவரின் சொந்த நாட்டில் அப்படி ஒரு சட்டம் வர அதற்குப் பிறகு ஒன்பது வருடம் எடுத்தது. அந்த ஒன்பது வருடமும் சும்மா ஓடவில்லை. கொழும்பிலும் வெளியிலும் இருந்த பெண்கள் அமைப்புகள் வரைவுகள் எழுதி, கூட்டம் வைத்து, குடும்பத்தை உடைக்கப் பார்க்கிறீர்கள் என்ற ஏச்சையும் வாங்கிக்கொண்டுதான் அதைப் பாராளுமன்றம் வரைக்கும் கொண்டு போனார்கள்.

இந்தச் சட்டத்தைப் பற்றிப் பலருக்கு இருக்கும் பெரிய பிழையான எண்ணம், பொலிஸில் முறைப்பாடு போட்டால் புருஷனை உள்ளே தள்ளிவிடுவார்கள் என்பது. அந்தப் பயத்திலேயே எத்தனையோ பேர் வாசலிலிருந்து திரும்பி வந்துவிடுகிறார்கள். பிள்ளைகளுக்குச் சோறு போடுகிறவன் மறியலுக்குப் போனால் என்ன செய்வது என்ற கணக்கு. உண்மையில் இந்தச் சட்டம் புதிதாக ஒரு குற்றத்தையும் உருவாக்கவில்லை, இது தண்டிக்கிற சட்டமே இல்லை. நீதவான் நீதிமன்றத்தில் ஒரு மனுப் போட்டு, அடிக்கிறவரை விலகி நிற்கச் சொல்லிக் கட்டளை வாங்குகிற சட்டம். அவள் இருக்கிற இடத்திலோ, அவர் இருக்கிற இடத்திலோ, சம்பவம் நடந்த இடத்திலோ உள்ள நீதிமன்றத்தில் போடலாம். அவளுக்காகப் பொலிஸ் உத்தியோகத்தரும் போடலாம். அவசரம் என்று நீதவானுக்குத் திருப்தி வந்தால் இடைக்காலப் பாதுகாப்புக் கட்டளை உடனே கிடைக்கும். அதற்குப் பிறகு 14 நாளுக்குள் விசாரணைக்குத் திகதி. விசாரணை முடிந்தால் 12 மாதம் வரை பாதுகாப்புக் கட்டளை. அதை மீறினால்தான் தண்டனை: ஒரு வருடம் வரை சிறை, அல்லது 10,000 ரூபா வரை அபராதம், அல்லது இரண்டும். இன்றைய விலைவாசியில் 10,000 ரூபா யாரைப் பயமுறுத்தும் என்று தெரியவில்லை, அதைத் திருத்தியே ஆக வேண்டும்.

அந்தக் கட்டளைக்குள் என்னென்ன கேட்கலாம் என்று பார்த்தால் சட்டம் எழுதியவர்கள் வீட்டுக்குள் நடப்பதை நன்றாகத் தெரிந்தவர்கள் என்று விளங்கும். வீட்டுக்குள் வராதே, வேலை செய்கிற இடத்துக்கு வராதே, பிள்ளையின் பள்ளிக்கூட வாசலில் நிற்காதே, வீட்டை விற்று அவளை நடுத்தெருவில் விடாதே. உடுப்பும் அடையாள அட்டையும் எடுக்க அவள் திரும்பிப் போகும்போது பொலிஸ் துணைக்குப் போக வேண்டும் என்றுகூடக் கேட்கலாம். செலவுக்கு அவசரப் பணம் கேட்கலாம். தழும்பு காட்ட வேண்டிய அவசியமும் இல்லை, தொடர்ந்து கேவலப்படுத்தி, மிரட்டி, மனுசியாகவே நடத்தாமல் இருப்பதை மனரீதியான துன்புறுத்தல் என்று சட்டம் ஏற்றுக்கொள்கிறது. அடிப்பவர் கணவராகத்தான் இருக்க வேண்டும் என்றும் இல்லை: முன்னாள் கணவர், பதிவு செய்யாமல் கூட வாழ்கிறவர், தகப்பன், அண்ணன், மகன் எல்லோரும் அடக்கம். இன்னொன்று, கட்டளை கேட்டு மனுப் போட மத்தியஸ்த சபையின் சான்றிதழும் தேவையில்லை. இதை மட்டும் கொழும்பிலுள்ள ஒவ்வொரு கோயில் வாசலிலும், தேவாலயத்திலும், பள்ளிவாசலிலும் தமிழில் ஒட்டி வைத்தால் போதும் என்று எனக்குப் பல தடவை தோன்றியிருக்கிறது.

ஆனால் இந்தச் சட்டத்தின் கண்ணுக்குத் தெரியாத ஆட்களும் கொழும்பில் இருக்கிறார்கள். மலையகத்திலிருந்து வந்து கறுவாத்தோட்டத்து வீடுகளிலும் வெள்ளவத்தை ஃபிளாட்டுகளிலும் தங்கி வேலை செய்கிற பெண்கள் அதே கூரையின் கீழேதான் தூங்குகிறார்கள், அதே குசினியில்தான் அடி வாங்குகிறார்கள். முதலாளி உறவுக்காரர் இல்லை என்பதால் அவருக்கு எதிராக இந்தப் பாதுகாப்புக் கட்டளையைக் கேட்க முடியாது. வீட்டுக்குள் நடந்தாலும் அது குடும்ப வன்முறை இல்லையாம்.

சரி, ஏன் சட்டம் இப்படி ஒரு பக்கம் கண் திறந்தும் மறு பக்கம் மூடியும் இருக்கிறது? இதற்குப் பெண்ணியவாதிகள் சொல்லும் பதில் எனக்கு நியாயமாகப் படுகிறது: எங்கள் சட்டங்கள் தொடக்கத்தில் பெண்ணைக் காப்பாற்ற எழுதப்பட்டவை இல்லை, பெண் யாருக்குச் சொந்தமோ அவருடைய மானத்தைக் காப்பாற்ற எழுதப்பட்டவை. பிரித்தானியர் 1883இல் கொண்டுவந்த தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவைப் பாருங்கள். ஒரு பெண்ணின் மானத்துக்குப் பங்கம் விளைவிக்கும் எண்ணத்தோடு அவள் மேல் கை வைப்பதுதான் அங்கே குற்றமாக இருந்தது. அவளுக்கு வலித்ததா, பயந்தாளா, அடுத்த நாள் வேலைக்குப் போக முடிந்ததா என்பதெல்லாம் சட்டத்துக்குத் தேவைப்படவில்லை. நூற்றுப் பன்னிரண்டு வருடம் கழித்து, 1995ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் அந்தப் பிரிவை எடுத்துவிட்டு அதே இலக்கத்தில் பாலியல் தொந்தரவு என்ற குற்றத்தை வைத்தது. சொல்லாலும் செய்கையாலும் தொந்தரவு கொடுப்பதும் அதற்குள் வந்தது, வேலைத்தளத்தில் மேலதிகாரி செய்வதும் வந்தது, ஐந்து வருடம் வரை சிறை என்றும் வந்தது. காலி வீதியில் 100ஆம் இலக்க பஸ்ஸில் நெரிசலைச் சாட்டி உரசுகிறவனுக்கும் இந்தப் பிரிவுதான். பொதுப் போக்குவரத்தில் தொந்தரவுக்கு ஆளானதாக 90 வீதமான பெண்கள் சொன்னதாக ஐக்கிய நாடுகள் சனத்தொகை நிதியத்தின் ஆய்வு சொல்கிறது. எனக்குத் தெரிந்த ஒரு பெண்கூட 345 என்ற எண்ணைக் கேள்விப்பட்டதில்லை. எல்லோரிடமும் ஊசி இருக்கிறது, சாரிக்கு குத்துகிற ஊசி.

அதே 1995 திருத்தம்தான் பாலுறவுக்கான உடன்பாட்டு வயதைப் 12இலிருந்து 16 ஆக உயர்த்தியது. வன்புணர்வுக்கு ஆகக் குறைந்தது 7 வருடத் தண்டனை என்று வைத்தது. உடம்பில் காயம் இல்லையென்றால் சம்மதித்தாள் என்று எடுக்கக் கூடாது என்று எழுதியது. பெரிய விசயங்கள், யாரும் மறுக்க முடியாது. ஆனால் அதே திருத்தத்தின் உள்ளேயே பழைய எண்ணம் ஒளிந்திருக்கிறது. மனைவியின் சம்மதம் இல்லாமல் கணவன் உறவு கொண்டால் அது எப்போது வன்புணர்வு? நீதிமன்றக் கட்டளையால் இருவரும் பிரித்து வைக்கப்பட்டிருந்தால் மட்டும்தான். ஒரே வீட்டில் இருந்தால் குற்றமில்லை. அவள் வேறு அறையில் படுத்தாலும் இல்லை, தாய் வீட்டுக்கே போய்விட்டாலும் இல்லை. ஒரு பெண் கழுத்தில் தாலி ஏறிய நாளில் தன் உடம்புக்கான ‘வேண்டாம்’ என்ற சொல்லைச் சட்டம் அவளிடமிருந்து எடுத்துக்கொள்கிறது, அதைத் திருப்பித் தர ஒரு நீதிபதி கையெழுத்துப் போட வேண்டியிருக்கிறது. இதை விட மோசமாக ஒன்று: பதினாறு வயதுக்குக் குறைந்த சிறுமி என்றால் சம்மதம் இருந்தாலும் வன்புணர்வுதான் என்கிற அதே பிரிவு, அவள் பன்னிரண்டு வயதைத் தாண்டிய மனைவியாகவும் நீதிமன்றத்தால் பிரிக்கப்படாதவளாகவும் இருந்தால் அப்படியில்லை என்கிறது.

யாருடைய மனைவி பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் இருக்கிறாள்? பொதுச் சட்டத்தில் திருமண வயது 1995இலிருந்து 18. ஆனால் 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தில் ஆகக் குறைந்த வயது என்று ஒன்றே இல்லை, பன்னிரண்டுக்குக் கீழே என்றால் காதியின், அதாவது முஸ்லிம் விவாக வழக்குகளைக் கேட்கிற நீதிபதியின், அனுமதி வேண்டும் என்று மட்டும் இருக்கிறது. காதி நீதிமன்றத்தில் சட்டத்தரணியைக் கூட்டிக்கொண்டு போக முடியாது, ஒரு பெண் காதியாக வர முடியாது. கணவன் காரணம் சொல்லாமல் தலாக் சொல்லலாம், மனைவி விலக வேண்டும் என்றால் காரணம் காட்டி, சாட்சி கொண்டுவந்து நிற்க வேண்டும். அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரை ஆணும் பெண்ணும் சமம் என்கிறதே, இதை உயர் நீதிமன்றத்தில் கேட்க முடியாதா? முடியாது, 16ஆம் உறுப்புரை பழைய சட்டங்கள் அடிப்படை உரிமைகளோடு ஒத்துப்போகாவிட்டாலும் செல்லும் என்று கதவைச் சாத்திவிட்டது. இதற்கு எதிராகப் பல ஆண்டுகளாகக் குரல் கொடுப்பவர்கள் வெளியார் இல்லை, புத்தளத்திலும் கிழக்கிலும் கொழும்பிலும் உள்ள தமிழ் பேசும் முஸ்லிம் பெண்களே. இந்தச் சட்டத்தை எப்படித் திருத்தலாம் என்று பார்க்க 2009இல் நியமித்த சலீம் மர்சூஃப் குழு அறிக்கை கொடுக்க 2018 ஆனது. இதைச் சாட்டி முஸ்லிம் சமூகத்தையே ஏசுகிறவர்களை நான் நம்புவதில்லை. அந்த ஏச்சினால் அந்தப் பெண்களுக்கு ஒரு நன்மையும் வந்ததில்லை, சொந்த ஆட்களுக்கும் ஏசுகிறவர்களுக்கும் நடுவில் அவர்கள் மாட்டிக்கொண்டதுதான் மிச்சம்.

எங்கள் பக்கம் மட்டும் என்ன குறைவு. யாழ்ப்பாணத்து ஆட்களுக்குத் தேசவழமை என்ற வழமைச் சட்டம். 1911ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டத்தின்படி, தேசவழமைக்கு உட்பட்ட திருமணமான பெண் தன் பெயரிலுள்ள காணியையோ வீட்டையோ விற்க, ஈடு வைக்கக் கணவனின் எழுத்து மூலச் சம்மதம் வேண்டும். அந்தக் காணி சீதனமாக வந்ததாக இருந்தாலும், அவள் சம்பாதித்து வாங்கியதாக இருந்தாலும் அப்படித்தான். மற்றப் பெண்களுக்கு 1923இலேயே போய்விட்ட பூட்டு இது. கொழும்பில் குடியேறிவிட்டால் விட்டுப் போகிற வழக்கமும் இல்லை, ஆளோடு கூடவே வரும். அப்பா அம்மா ஆயுள் முழுக்கச் சேர்த்து வெள்ளவத்தையில் ஒரு ஃபிளாட் வாங்கி மகளுக்குச் சீதனமாக எழுதிக் கொடுப்பார்கள், அடி தாங்காமல் அதை விற்றுவிட்டுப் பிள்ளைகளோடு வேறு ஊருக்குப் போகலாம் என்றால் அடிக்கிறவரிடமே போய்க் கையெழுத்துக் கேட்க வேண்டும். நியாயமில்லாமல் மறுத்தால் மாவட்ட நீதிமன்றத்துக்குப் போகலாம் என்று சட்டம் ஒரு வழி விட்டிருக்கிறது. அதற்கும் காசு வேண்டும், காலம் வேண்டும்.

விவாகரத்தும் இதே கதை. கணவன் அடிக்கிறான் என்பது பொதுச் சட்டத்தில் நேரடியாக ஒரு காரணம் இல்லை. வேறு உறவு, கெட்ட எண்ணத்தோடு கைவிட்டுப் போதல், குணப்படுத்த முடியாத ஆண்மைக் குறைவு, இந்த மூன்றுதான். அடி தாங்காமல் வெளியேறினவள், ‘நான் கைவிடவில்லை, அவர் நடந்துகொண்ட முறைதான் என்னை வெளியே தள்ளியது’ என்று சுற்றி வளைத்து நிரூபிக்க வேண்டும். எத்தனை தடவை பொலிஸுக்குப் போனாள், என்ன எழுதினார்கள் என்பது அங்கேயும் வந்து நிற்கும். திரும்பவும் அந்த ‘ரண்டு’.

பெரிய வழக்குகள் வரும்போது மட்டும் ஊர் வேறு மாதிரி இருக்கும். 2015இல் புங்குடுதீவு மாணவி கொல்லப்பட்டபோது வடக்கு முழுதும் கடையடைப்பு, கொழும்பிலும் ஆர்ப்பாட்டம். மூன்று நீதிபதிகள் கொண்ட விசேட மன்று அமைத்து, 2017 செப்டெம்பரில் ஏழு பேருக்கு மரண தண்டனை விதித்தார்கள். அந்தக் கோபம் நியாயமானது, நானும் கோபப்பட்டேன். ஆனால் தூக்கில் போடு என்று கேட்கிற அதே வாய்தான் பக்கத்து வீட்டில் சத்தம் கேட்டால் ‘குடும்ப விசயம்’ என்று டிவி சத்தத்தைக் கூட்டுகிறது. 1976க்குப் பிறகு இந்த நாட்டில் யாரையும் தூக்கிலிடவில்லை. அப்படி இட்டாலும் அது வீட்டுக்குள் நடப்பதை நிறுத்தப் போவதில்லை. தொகை மதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களம் 2019இல் எடுத்த பெண்கள் நல்வாழ்வு ஆய்வின்படி, வாழ்க்கைத் துணையால் உடல்ரீதியாகவோ பாலியல்ரீதியாகவோ வன்முறையை அனுபவித்தவர்கள் ஐந்தில் ஒருவர். அவர்களில் யாருக்காகவும் கடை அடைப்பதில்லை.

வன்புணர்வினால் கர்ப்பமானவளுக்கும் சட்டம் வழி விடவில்லை. தாயின் உயிரைக் காப்பாற்ற மட்டுமே கருக்கலைப்பு செய்யலாம் என்கிறது 303ஆம் பிரிவு, 1883இல் எழுதினது அப்படியே கிடக்கிறது. பெண்ணைக் காதலிக்கிற பெண்ணைச் சொந்த அண்ணன் அடித்து அறைக்குள் பூட்டினால் அவளும் குடும்ப வன்முறைச் சட்டத்தின் கீழ் கட்டளை கேட்கலாம்தான். ஆனால் ஏன் அடித்தான் என்று கேட்டால் என்ன சொல்வாள்? ஒரே பாலினத்தவருக்கு இடையிலான உறவைக் குற்றமாக்குகிற தண்டனைச் சட்டக்கோவையின் 365அ பிரிவு முதலில் ஆண்களை மட்டும்தான் குறித்தது. 1995 திருத்தம் ‘ஆண்’ என்பதை ‘ஆள்’ என்று மாற்றிப் பெண்களையும் அதற்குள் இழுத்துவிட்டது. முறைப்பாடு கொடுக்கப் போகிறவள் குற்றவாளியாகத் திரும்பி வரக்கூடிய நிலையில் எந்தப் பாதுகாப்புக் கட்டளையும் வெறும் கடதாசிதான்.

மொழிக்கும் வருகிறேன், ஏனென்றால் தலைநகரில் தமிழில் வாழ்கிறவர்களுக்கு மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்கிற மதில் அதுதான். 1987இலிருந்து தமிழும் அரச கரும மொழி. அரசாங்க அலுவலகத்தில் தமிழில் பேசவும் தமிழில் பதில் பெறவும் உரிமை இருக்கிறது, வழக்கு சிங்களத்தில் நடந்தாலும் மொழிபெயர்ப்பாளரைக் கேட்கும் உரிமையும் இருக்கிறது. விளங்காத வாக்குமூலத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். வாசித்துக் காட்டச் சொல்லுங்கள், விட்டுப் போனதைச் சேர்த்து எழுதச் சொல்லுங்கள், முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். பொலிஸுக்குப் போகத் தயக்கம் என்றால் அரசாங்க ஆஸ்பத்திரிகள் பலவற்றில் வன்முறைக்கு ஆளானவர்களுக்கு உதவுகிற ‘நட்பு நிலையம்’ இருக்கிறது, அங்கே போகலாம். பெண்களுக்கான உதவி இலக்கம் 1938. சட்டத்தரணிக்குக் காசில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழு.

அன்று அந்தப் புத்தகத்தை நான் திருப்பிக் கொடுத்து, கழுத்து நெரித்ததைச் சேர்க்கச் சொன்னேன். “இதெல்லாம் எழுதினால் குடும்பம் பிரிந்துவிடும் மிஸ்” என்றார் உத்தியோகத்தர். கெட்டவராகத் தெரியவில்லை, உண்மையாகவே அப்படி நினைத்துத்தான் சொன்னார். அக்கா சிங்களம் பேசமாட்டார், ஆனால் அது அவருக்கு விளங்கிவிட்டது. தன் கையை எடுத்துத் தன் கழுத்திலேயே வைத்து, விரல்கள் எங்கெங்கே அழுத்தின என்று காட்டினார். பெருவிரல் இங்கே, மற்ற நாலும் இங்கே. அறையிலிருந்த எல்லோரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் உத்தியோகத்தர் பேனையை எடுத்து எழுதினார்.

இடைக்காலக் கட்டளை கிடைத்த அன்று அக்கா நீதிமன்ற வாசலில் நின்று, “இது எத்தனை நாளைக்குத் தங்கச்சி?” என்று கேட்டார். அடுத்த தவணைத் திகதியைக் கடதாசியின் பின்பக்கம் தமிழில் எழுதிக் கொடுத்தேன். இரண்டு தடவை வாயால் சொல்லிப் பார்த்துவிட்டு, மகளின் தடுப்பூசி அட்டை இருந்த பிளாஸ்டிக் உறைக்குள் அதையும் மடித்து வைத்துக்கொண்டார்.